வேலிக்கு அந்தப் பக்கம் யூனிவர்சிட்டி

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா முக்கால்வாசி ஒரே விசயம்தான். நம்ம ஊரு ஓரமா இருந்த செம்பனைத் தோட்டத்துல ஒரு பகுதிய முன்னாடியே எடுத்துக்கிட்ட யூனிவர்சிட்டி இப்ப மிச்சத்துக்கும் தகரம் அடைக்க ஆரம்பிச்சிருக்கு, காப்பிக்கடையில ஆளுக்கொரு பேச்சு, ஒருத்தர் நிலம் போச்சுங்கிறார் இன்னொருத்தர் விலை பத்து மடங்கு ஏறிடுச்சுங்கிறார். அதனால ஈபிஎஃப், லைசன் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. யாரு பேரும் போடல, சின்ன ஊரு, எழுத்த வச்சே ஆள கண்டுபிடிச்சிருவாங்க. நான் சொல்றதெல்லாம் தீபகற்ப மலேசியாவுக்கு மட்டும், சபா சரவாக்குக்கு நிலச் சட்டமே வேற.

கேள்வி: அண்ணே எங்கப்பா பால்மரம் வெட்டி சேர்த்த காசுல வாங்குன மூணு ஏக்கர் கெபுன் (சின்னத் தோட்டம்) இருக்கு, தோட்டத்து எல்லைய ஒட்டி. போன வாரம் ஒரு புரோக்கர் வந்து யூனிவர்சிட்டி இத எப்படியும் எடுத்துக்கும் கவர்மெண்ட் ரேட்டுல ஒண்ணும் கிடைக்காது, இப்பவே எங்கிட்ட கொடுத்திருங்கன்னு ஒரு பேப்பர நீட்டுறான். கையெழுத்து போடலாமா?

பதில்: போடாதீங்க தம்பி. முதல்ல அந்த ஆளு கழுத்துல சிவப்பு டேக் இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க, வீடு நிலம் விக்கிற நெகோசியேட்டருங்க வாரியத்துல பதிஞ்சு அந்த டேக் வச்சிருக்கணும், அதுல நம்பர் இருக்கும். டேக் இல்லாம வந்து அவசரப்படுத்துறவன் வாயில வடை சுடுறவன்.

அடுத்தது, நிலத்த எடுக்கிறதுங்கிறது காப்பிக்கடையில நடக்கிற காரியம் இல்ல. 1960 நிலம் எடுக்கிற சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஆக்ட் 486. அதுல படிப்படியா போராங், அதாவது பாரம், இருக்கு. போராங் ஏ கெஜட்ல வந்தா ‘இந்த வட்டாரத்துல நிலம் தேவைப்படலாம்’னு அர்த்தம், அவ்வளவுதான், அளக்க ஆளு வரலாம். அதுக்கப்புறம் 12 மாசத்துக்குள்ள போராங் டி வரணும், அதுதான் ‘எடுக்கப் போறோம்’ங்கிற அறிவிப்பு, வரலன்னா அந்த போராங் ஏ செத்துப்போச்சு. போராங் டி வந்த பிறகும் ரெண்டு வருசத்துக்குள்ள நஷ்டஈட்ட முடிவு பண்ணி அவார்ட் கொடுக்கலைன்னா அதுவும் காலாவதி. பெஜாபாட் தானாவுக்கு, அதாவது நில அலுவலகத்துக்குப் போயி உங்க கெரானுக்கு (நிலப் பட்டாவுக்கு) ஒரு ‘சாரியான் ரஸ்மி’ (பதிவேட்டு நகல்) எடுங்க, கட்டணம் பெரிசா ஒண்ணும் இல்ல, எடுக்கப் போறாங்கன்னா அதுல குறிச்சிருக்கும். ஒண்ணும் இல்லன்னா புரோக்கர் சொன்னது ஊர் வாய்.

இன்னொன்னு கவனிங்க. கவர்மெண்ட் யூனிவர்சிட்டியா தனியார் யூனிவர்சிட்டியாங்கிறது முக்கியம். நிலம் மாநில அரசோட அதிகாரத்துல இருக்கிற விசயம், கவர்மெண்ட் யூனிவர்சிட்டிக்குன்னா பொதுக் காரியம்னு சொல்லி மாநிலம் எடுத்துக் கொடுக்கலாம். தனியார்னா வழக்கமா சந்தையில விலை பேசித்தான் வாங்குவாங்க, ஆனா ‘நாட்டுப் பொருளாதார வளர்ச்சிக்கு நல்லது’ன்னு மாநில அரசு நினைச்சா தனியாருக்காகவும் எடுக்க 1991 திருத்தத்துல வழி வச்சிருக்காங்க, அந்த ஓட்டைய பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் உங்க மூணு ஏக்கர தனியார் ஒருத்தர் தேடி வந்து கேக்கிறார்னா அது அவருக்கு வேணும்னு அர்த்தம், அப்ப விலை சொல்ற இடத்துல நீங்கதான் இருக்கீங்க. அடிமாட்டு விலைக்குப் போயிராதீங்க.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்க வீட்டு முன்னாடி கேம்பஸுக்கு ரோடு அகலப்படுத்தணும்னு கால் ஏக்கர் எடுக்கப் போறாங்களாம், போராங் இ வந்திருக்கு, விசாரணைக்கு வரச் சொல்லி. பக்கத்து வீட்டு அண்ணன் போகாதீங்க போனா சம்மதம்னு ஆயிரும்ங்கிறார். போகணுமா?

பதில்: கட்டாயம் போகணும் அக்கா, அந்த அண்ணன் சொன்னத கேட்டு வீட்டுல உக்காந்திராதீங்க. போறது சம்மதம் இல்ல, போகாட்டித்தான் உங்க பக்கத்து நியாயம் யாரு காதுலயும் விழாது. போராங் இ கொடுத்து 21 நாளுக்கு முன்னாடி விசாரணை வைக்க முடியாது, அந்த நாள வீணாக்காதீங்க. சொந்தமா ஒரு பதிவு பெற்ற வேல்யூவர பிடிச்சு ரிப்போர்ட் எழுதி வாங்குங்க, அக்கம்பக்கத்துல சமீபத்துல வித்த நிலத்தோட விலை எல்லாம் அதுல இருக்கணும், ஏன்னா நில நிர்வாகி பார்க்கிறதே பக்கத்துல ஒரே மாதிரி நிலம் என்ன விலைக்குப் போச்சுங்கிறததான். எந்தத் தேதி விலைன்னு கேட்டீங்கன்னா, போராங் ஏ கெஜட்ல வந்த தேதி, பின்னாடியே 12 மாசத்துக்குள்ள டி வந்திருந்தா. இல்லாட்டி டி வந்த தேதி. ரோடு போட்டு முடிச்சப்புறம் ஏறுற விலை, எடுக்கிற துண்டுக்கு, கணக்குல வராது.

உங்க கேஸ்ல கொஞ்சம் நின்னு பேச வேண்டிய விசயம் இருக்கு, முழு நிலமும் போகல, ஒரு துண்டுதான் போகுது. இப்படி வெட்டி எடுக்கும்போது மிச்ச நிலத்துக்கு வர்ற சேதாரத்தையும் கேக்கலாம், அதாவது வாசல் போச்சு, காடி (கார்) திருப்ப இடமில்ல, ரோடு ஜன்னல்கிட்ட வந்துருச்சு, லொங்காங் (சாக்கடை) உங்க பக்கம் சாய்ஞ்சிருச்சு, இதெல்லாம் சட்டத்தோட முதல் அட்டவணையில இடம் பெற்றிருக்கு. வீடு மாறணும்னா அதுக்கு ஆகிற நியாயமான செலவும் உண்டு. ஆனா அதே அட்டவணையில ஒரு கொக்கியும் இருக்கு, ரோடு வர்றதால உங்க மிச்ச நிலத்துக்கு விலை ஏறும்னா அந்த ஏற்றத்த நஷ்டஈட்டுல இருந்து கழிச்சுக்கலாம். நிறைய பேரு இதத் தெரியாமத்தான் ‘இனிமே எங்க நிலம் தங்கம் ஆயிரும் சார்’னு அதிகாரி முன்னாடியே பெருமையா சொல்லிட்டு வர்றாங்க. பேசாம இருங்க, வேல்யூவர் பேசட்டும்.

பாட்டன் காலத்து வீடு, மனசு வரல, இதுக்கெல்லாம் காசு கிடையாது, கொடுக்க மனசில்லைங்கிறத கணக்குல எடுக்கக்கூடாதுன்னு சட்டமே எழுதி வச்சிருக்கு. விவசாயக் கெரான் நிலத்துல அனுமதி இல்லாம ஒர்க்‌ஷாப், கடை கட்டியிருந்தா அந்தக் கட்டடத்தோட மதிப்பையும் சேர்க்க மாட்டாங்க. எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு அவசர அவசரமா கூரை போட்டு தரை போட்டு விலை ஏத்துறதும் செல்லாது.

தொகை கம்மின்னு பட்டுச்சுன்னா போராங் எச்-ல ‘ஆட்சேபத்தோட வாங்கிக்கிறேன்’னு குறிச்சுட்டு வாங்குங்க, அப்புறம் போராங் ‘என்’ (N) போட்டு ஹைகோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். விசாரணைக்கு நீங்க போயிருந்தா அவார்ட் தேதியில இருந்து 6 வாரம்தான் டைம், 6 வாரம் 1 நாள்னா கதை முடிஞ்சது. கோர்ட்டுக்குப் போயி என்ன ஆகப்போகுதுன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு விசயம், 2017-ல ஃபெடரல் கோர்ட் ‘செமினி ஜெயா’ கேஸ்ல முக்கியமான தீர்ப்பு சொன்னுச்சு, அதுக்கு முன்னாடி ஜட்ஜோட உக்கார்ற ரெண்டு மதிப்பீட்டாளருங்க சொல்ற தொகைதான் முடிவு, ஜட்ஜே ஒண்ணும் பண்ண முடியாது, அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு விரோதம்னு தூக்கிட்டாங்க. இப்ப முடிவு ஜட்ஜ் கையில. அரசியலமைப்பு 13-ம் பிரிவு போதுமான நஷ்டஈடு இல்லாம சொத்த எடுக்கக்கூடாதுன்னு சொல்லுது, அத வச்சுத்தான் இவ்வளவும். இன்னொரு நல்ல சேதி, இப்படி எடுத்த நிலத்துக்கு ஆர்பிஜிடி, அதாவது சொத்து வித்த லாபத்துக்குப் போடுற வரி, கிடையாது.

கேள்வி: என் நிலம் ஒரு அடி கூட எடுக்கல. ஆனா நான்தான் அதிகமா அனுபவிக்கிறேன் அண்ணா!! தாமான்ல (வீடமைப்புப் பகுதியில) கடைசி வரிசை வீடு, பின்னாடி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் 12 மாடி ஹாஸ்டல் வருதாம். பைலிங் சத்தம், செவுத்துல கோடு கோடா விரிசல், மழ பேஞ்சா மண்ணு தண்ணி அடுப்படிக்குள்ள வருது. மஜ்லிஸ்ல (நகராட்சியில) கேட்டா அனுமதி கொடுத்தாச்சுங்கிறாங்க. யாரு எங்களுக்கு நஷ்டஈடு கொடுப்பா?

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாசப் பக்கத்தையே எழுதுறேன்னு வச்சுக்கோங்க. நிலம் போறவனுக்காவது சட்டம், போராங், விசாரணை, கோர்ட்னு ஒரு பாதை இருக்கு. நிலம் போகாம வேலிக்குப் பக்கத்துல நிக்கிறவனுக்கு அந்தச் சட்டத்துல ஒரு காசு கிடையாது, ஏன்னா சேதார நஷ்டஈடு கூட யாரோட நிலத்துல ஒரு துண்டாவது எடுத்தாங்களோ அவங்களுக்கு மட்டும்தான். ஒரு அடி எடுத்திருந்தா கேட்டிருக்கலாம், எடுக்காததால கேக்க முடியாது, விசித்திரம்தான்.

அதனால உங்களுக்கு உள்ள வழி வேற சட்டத்துல இருக்கு, 1976 நகர் கிராமத் திட்டச் சட்டம், ஆக்ட் 172. அந்த இடத்துக்கு ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’, அதாவது உள்ளூர்த் திட்டம் இன்னும் வரலன்னா, யாரு கட்ட விண்ணப்பம் போட்டாலும் மஜ்லிஸ் பக்கத்து நிலத்துக்காரங்களுக்கு எழுத்துல நோட்டீஸ் அனுப்பணும், 21 நாளுக்குள்ள நீங்க ஆட்சேபம் சொல்லலாம், கூப்பிட்டு உங்கள கேக்கணும். பக்கத்து நிலம்னா யாருன்னும் சட்டம் சொல்லுது, ஒட்டி இருக்கிறவங்க, நடுவுல 20 மீட்டருக்கு மேல அகலம் இல்லாத ரோடோ சந்தோ லொங்காங்கோ இருந்தா அதுக்கு அந்தப் பக்கத்துக்காரங்க, அப்புறம் முட்டுச் சந்து வழியா போயி வர்ற இடம்னா அந்தச் சந்த பொழங்குற 200 மீட்டருக்குள்ள இருக்கிறவங்க. உங்க கடைசி வரிசை வீடு இதுல கண்டிப்பா வரும். ஆட்சேபம் போட்டும் அனுமதி கொடுத்துட்டாங்கன்னா ஒரு மாசத்துக்குள்ள மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம், ஆனா அந்த உரிமை ஆட்சேபம் போட்டவங்களுக்குத்தான்.

இப்ப கசப்பான பகுதி. உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே கெஜட் ஆகியிருந்து அதுல அந்த நிலத்த ‘கல்வி நிறுவனம்’னு கலர் அடிச்சிருந்தா, இந்த நோட்டீஸ் கட்டாயம் இல்ல. சில மாநிலத்துல கூடுதல் விதி இருக்கு, அத உங்க மஜ்லிஸ்ல கேட்டுக்கோங்க. ஆனா பெரும்பாலும் நடந்தது என்னன்னா, அந்தத் திட்டத்த மண்டபத்துல ஒட்டி வச்சு பொது மக்கள் கருத்து கேட்ட காலத்துல நம்ம யாரும் எட்டிப் பார்க்கல. பேப்பர்ல விளம்பரம் மலாய்ல வந்திருக்கும், சின்ன எழுத்துல. தீபாவளி சந்தை எங்கன்னு தெரிஞ்சுக்க மஜ்லிஸுக்கு நாலு தடவை போன் போடுற நம்ம ஆளுங்க வரைபடத்த ஒரு தடவை போயி பாக்கிறதில்ல, இத நான் கோவமாத்தான் எழுதுறேன். அடுத்த திருத்தம் எப்பன்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, ஏன்னா ஹாஸ்டலுக்கு அப்புறம் பார்க்கிங், பார்க்கிங்குக்கு அப்புறம் கடை வரிசைன்னு வந்துக்கிட்டே இருக்கும்.

சரி, இப்ப விரிசலுக்கு வருவோம். தேசிய நிலச் சட்டத்துல ஒரு நிலம் பக்கத்து நிலத்தோட தாங்குதல்ல நிக்கிற உரிமை இருக்கு, பக்கத்துல தோண்டி உங்க மண்ணு சரிஞ்சா கேள்வி கேக்கலாம். அதோட சத்தம், அதிர்வு, வெள்ளம்னு அண்டை வீட்டாருக்கு நியாயமில்லாத தொல்லை கொடுத்தா சிவில் கேஸும் போடலாம், கொன்ட்ரெக்டர், நிலத்துக்காரங்க ரெண்டு பேரையும் சேர்த்து. ஆனா ஜெயிக்கிறதும் தோக்கிறதும் ‘இந்த விரிசல் முன்னாடி இல்ல’ங்கிறத காட்டுறதுலதான் இருக்கு. அதனால உங்க வரிசையில இன்னும் விரிசல் விழாத வீட்டுக்காரங்க இன்னைக்கே தேதியோட போட்டோ எடுத்து வைக்கட்டும், செவுரு, தரை, தூணு, கேட்டு எல்லாம். விழுந்த விரிசலுக்கு ரெண்டு பக்கமும் பென்சில் கோடு போட்டு தேதி எழுதுங்க, அகலமாகுதான்னு தெரியும். இஞ்சினியர் ரிப்போர்ட் ஒண்ணு எடுக்க வரிசையில எல்லாரும் சேர்ந்து காசு போட்டா ஆளுக்கு அதிகம் வராது. மண்ணு தண்ணிக்கு மஜ்லிஸுக்கு மட்டும் எழுதாம வடிகால் இலாகாவான ஜேபிஎஸ்ஸுக்கும் எழுதுங்க, கட்டுற இடத்துல மண்ணு ஓடாம வண்டல் குளம், தடுப்பு எல்லாம் போடணும்னு அனுமதியிலயே நிபந்தனை இருக்கும், அத மீறுனா வேலைய நிறுத்த வைக்க முடியும், இந்த மாதிரி கேஸ்ல நான் பாத்த வரைக்கும் நஷ்டஈட்ட விட வேலைய நிறுத்துறதுதான் சீக்கிரம் பலன் கொடுக்குது.

தேதி மறக்காதீங்க. சாதாரணமா இந்த மாதிரி கேஸுக்கு 6 வருசம், ஆனா எதிராளி அரசாங்க அமைப்புன்னா 36 மாசம்தான். கவர்மெண்ட் யூனிவர்சிட்டின்னா 36-ன்னே நினைச்சு லோயர்கிட்ட போங்க.

கேள்வி: எங்க கெபுனுக்கு முப்பது வருசமா தோட்டத்து லாரி ரோட்டுலதான் போறோம். இப்ப கேட்டு போட்டு செக்யூரிட்டி நிக்கிறான். குலைய எப்படி வெளிய கொண்டு வர்றது? முப்பது வருசம் போனா உரிமை வந்திரும்தானே?

பதில்: வராது. நம்ம நாட்டு நிலச் சட்டத்துல எத்தனை வருசம் நடந்தாலும் அடுத்தவன் நிலத்துல வழி உரிமை தானா முளைக்காது, அத நேரடியாவே எழுதி வச்சிருக்காங்க. தோட்டத் துரை காலத்துல வாய்வார்த்தையில விட்டாங்க, துரை போயிட்டான், வார்த்தையும் போச்சு. நீங்க செய்ய வேண்டியது பெஜாபாட் தானாவுல நில நிர்வாகிகிட்ட ‘ஹாக் லாலு லாலாங்’ கேட்டு மனு போடுறது, கெரானுக்கு வேற வழி இல்லன்னு காட்டுனா அவரு வழி உரிமைய உருவாக்கிக் கொடுக்க அதிகாரம் இருக்கு. போறதுக்கு முன்னாடி உங்க கெரானோட பிளான எடுத்துப் பாருங்க, சில சமயம் பிளான்ல ‘ரிசாப் ஜாலான்’ (ரோட்டுக்கு ஒதுக்குன இடம்) கோடு இருக்கும், அது புல்லு மண்டிப்போயி யாருக்கும் தெரியாம கிடக்கும். அது இருந்தா வேலை பாதி முடிஞ்சது. அதுவரைக்கும் கேட்டு திறக்க யூனிவர்சிட்டி நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்க, சண்டை போடாம, ஏன்னா நாளைக்கு மனு விசாரணைக்கு அந்தக் கடிதமே சாட்சி.

கேள்வி: தோட்டத்துக்குள்ள இருக்கிற மாரியம்மன் கோவில் எழுபது வருசத்துக்கு மேல. லயத்துல இருந்தவங்க எல்லாம் வெளிய வந்துட்டோம், திருவிழாவுக்கு மட்டும் கூடுறோம். இப்ப நிலம் கைமாறிருச்சு, கோவில் யூனிவர்சிட்டி வேலிக்குள்ள போயிருச்சு. இடிப்பாங்களா?

பதில்: இந்தக் கடிதம் ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு பேரு வேற வேற தோட்டத்துல இருந்து எழுதியிருக்காங்க. நேரா சொல்றேன், கோவில் நிக்கிற நிலத்துக்கு கெரான் உங்க பேர்ல இல்லன்னா எழுபது வருசமோ நூறு வருசமோ சட்டத்துல உரிமை ஆகாது, சொந்தக்காரன் நிலத்த திருப்பிக் கேக்கிற உரிமைய காலம் அழிக்காது. தோட்டம் துண்டாடுன காலத்துல, 1960-ல அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு தொழிலாளிங்கள பங்கு போட வச்சு தோட்டத்தையே வாங்குனது எதுக்குன்னு இப்ப யோசிச்சா புரியும், நிலம் கையில இல்லன்னா கோவிலும் இல்ல பள்ளிக்கூடமும் இல்ல. எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியல, அதுதான் இன்னைக்கு நம்ம தலையில நிக்குது.

இப்ப செய்யக்கூடியது என்னன்னா, முதல்ல கமிட்டி சங்கப் பதிவு இலாகாவான ஆர்ஓஎஸ்-ல பதிஞ்சிருக்கணும், பதியாத கமிட்டியோட யாரும் பேப்பர்ல பேச மாட்டாங்க. அதுல ரெண்டு கோஷ்டி இருந்தா இன்னைக்கே உக்காந்து பேசித் தீர்த்துக்கோங்க, எதிர்ப்பக்கம் முதல்ல கேக்கிறதே ‘யாரோட பேசுறது’ங்கிறதத்தான். ரெண்டாவது, நிலத்துக்காரங்க நிலத்த பிரிக்கவோ உபயோகத்த மாத்தவோ மாநிலத்துக்கிட்ட அனுமதி கேட்டுத்தான் ஆகணும், 40 ஹெக்டருக்கு மேல உள்ள தோட்ட நிலம்னா கை மாத்தவும் துண்டாடவும் தோட்ட நில வாரியத்தோட ஒப்புதல் வேணும். அந்த அனுமதிக்கு நிபந்தனை போடுற நேரம்தான் உங்க நேரம், வழிபாட்டுத் தலத்துக்கு ஒரு லாட் ஒதுக்கி மாநிலத்துக்கு ஒப்படைக்கணும், அத கோவிலுக்கு ரிசாப் பண்ணணும்னு அப்ப கேக்கணும். சிலாங்கூர்ல இருக்கிறவங்களுக்கு முஸ்லிம் அல்லாதவங்க வழிபாட்டுத் தலத்த கவனிக்கிற லிமாஸ் கமிட்டி இருக்கு, மத்த மாநிலத்துல இந்திய எக்ஸ்கோவோ (மாநில ஆட்சிக்குழு உறுப்பினர்) ஒய்பியோ (மக்கள் பிரதிநிதி) யாரோ ஒருத்தர் வழியா. வேலி போட்டு பூஜைக்கு தடை வந்தப்புறம் ஃபேஸ்புக்ல கத்துறதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

டிஓஎல் வாங்கித் தர்றோம்னு யாராவது சொன்னா சந்தோசப்படாதீங்க. அது அரசாங்க நிலத்துக்குத்தான் கிடைக்கும், டிசம்பர் 31-ஓட முடிஞ்சு போற தற்காலிக லைசன்ஸ், வருசா வருசம் புதுப்பிக்கணும். மாத்து இடம் கொடுக்கிறோம்னா அதுக்கு கெரான் எப்ப, யாரு பேர்ல, கட்ட காசு யாரு, பழைய கோவில் எப்ப வரைக்கும் நிக்கும்னு நாலையும் எழுத்துல வாங்கிக்கிட்டுத்தான் சாமிய நகர்த்தணும்.

கேள்வி: யூனிவர்சிட்டி வந்தா ஊருக்கு நல்லதுன்னு நீங்க போன வருசம் எழுதுனீங்களே?

பதில்: இப்பவும் அதத்தான் சொல்றேன். ஈய லம்போங் (சுரங்கம்) மூடிப்போன கம்பார்ல 2007-ல யூடார் யூனிவர்சிட்டி வந்தப்புறம் அந்த ஊரு எப்படி மாறுச்சுன்னு போயி பாருங்க, 2005-ல நோட்டிங்ஹாம் வந்த செமினியும் அப்படித்தான், பீடோங் பக்கம் எய்ம்ஸ்ட் இருக்கு, பாங்கிக்கு யூகேஎம் 1977-லயே போயிருச்சு. கடை வருது, பஸ் வருது, நம்ம பிள்ளைங்க வீட்டுல இருந்தே படிக்கலாம். ஆனா ஊருக்கு நல்லதுங்கிறதும் கடைசி வரிசை வீட்டுக்காரருக்கு நல்லதுங்கிறதும் ரெண்டு வேற கணக்கு.

கேள்வி: பக்கத்துல யூனிவர்சிட்டிங்கிறதால இன்னொரு வீடு வாங்கி பசங்களுக்கு ரூம் ரூமா வாடகைக்கு விடலாம்னு இருக்கேன், எட்டு ரூம் பலகை அடிச்சா லோன் கட்டுனது போக மிச்சம் வரும். என்ன சொல்றீங்க சார்?

பதில்: எட்டு ரூம்னு சொல்லும்போதே பயமா இருக்கு. குடும்ப வீட்ட ஹாஸ்டல் மாதிரி மாத்துறதுக்கு மஜ்லிஸ் அனுமதி வேணும், உள்ளுக்குள்ள செவுரு வைக்கவும்தான், தீயணைப்புப் படை வந்து பாத்தா வெளிய போற வழிய முதல்ல கேப்பாங்க. அனுமதி இல்லாம ஒரு தீ விபத்து நடந்துச்சுன்னா இன்சூரன்ஸும் கை கழுவிரும்.

வாடகைக்கு விடுறதா இருந்தா ஒப்பந்தம் எழுதி வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்-ல ஸ்டாம்ப் பண்ணுங்க, ஸ்டாம்ப் இல்லாத பேப்பர கோர்ட்ல காட்ட முடியாது. வாடகை கட்டாம இழுத்தடிச்சா பூட்ட மாத்துறது, கரண்ட வெட்டுறது எல்லாம் வேணாம், ஒப்பந்தம் முடிஞ்சும் காலி பண்ணாதவங்கள கோர்ட் மூலமாத்தான் வெளியேத்தணும்னு 1950 சட்டமே சொல்லுது. கணக்கு போடும்போது 12 மாசம் நிறைஞ்சிருக்கும்னு போடாதீங்க, செமஸ்டர் லீவுல காலி, யூனிவர்சிட்டி சொந்த ஹாஸ்டல் கட்டுனா இன்னும் காலி, மேல ஒரு தங்கச்சி எழுதுனாங்களே 12 மாடி, அது உங்களுக்குப் போட்டிதான். 2020 மார்ச் 18 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு (பிகேபி) போட்டப்ப கேம்பஸ் மூடி பசங்க ஊருக்குப் போயிட்டாங்க, ரூம் கணக்குல லோன் எடுத்தவங்க அப்ப பட்ட பாடு அவங்களுக்குத்தான் தெரியும். வாடகை வராட்டியும் சம்பளத்துல இருந்து தவணை கட்ட முடியும்னா மட்டும் வாங்குங்க.

கேள்வி: யூனிவர்சிட்டியால எங்க தாமான் வாடகை ஏறிருச்சுன்னு சொல்லி மஜ்லிஸ் சுக்காய் பிந்து (வீட்டு வரி) ஏத்தப் போகுதாம். நாங்க வாடகைக்கே விடல, ரெண்டு கிழடுங்கதான் இருக்கோம். எதிர்க்கலாமா?

பதில்: எதிர்க்கலாம்மா. புதுசா மதிப்பீட்டுப் பட்டியல் போடும்போது நோட்டீஸ் வரும், அதுல குறிச்ச நாளுக்கு 14 நாளுக்கு முன்னாடியே எழுத்துல ஆட்சேபம் போயி சேரணும். ஆனா ‘எங்களால கட்ட முடியாது’ன்னு எழுதுனா எடுபடாது, ‘மதிப்பு அதிகமா போட்டுருக்கீங்க, இதே மாதிரி வீட்டுக்கு அங்க கம்மியா போட்டுருக்கீங்க’ன்னு எழுதணும். அவங்க பாக்கிறது அந்த வீட்ட வாடகைக்கு விட்டா எவ்வளவு வரும்ங்கிறதத்தான், நீங்க விடுறீங்களா இல்லையாங்கிறது இல்ல. வயசானவங்களுக்கு கழிவு இருக்கான்னு கவுண்டர்ல தனியா கேளுங்க.

கேள்வி: எடுக்கப் போற லிஸ்ட்ல எங்க நிலமும் இருக்கு. கெரான் இன்னும் தாத்தா பேர்லயே இருக்கு, தாத்தா போயி ரொம்ப வருசம் ஆச்சு, அப்பாவும் இல்ல. சித்தப்பா நான்தான் வாரிசு நான் வாங்கிக்கிறேன்ங்கிறார். எங்க அத்தைங்க ரெண்டு பேரு இருக்காங்க.

பதில்: நம்ம ஊருல பாதி கெரான் இப்படித்தான் கிடக்குது. சித்தப்பா வாங்க முடியாது, பயப்படாதீங்க. பணத்த வாங்க தகுதியான ஆளு இல்லன்னா நில நிர்வாகி அத ஹைகோர்ட்ல கட்டிருவார், அங்க இருந்து எடுக்கிறதுதான் பெரும்பாடு, அதனால விசாரணைக்கு முன்னாடியே பூசாக்காவ, அதாவது வாரிசுப் பங்கீட்ட, முடிச்சுக்கோங்க. உயில் இல்லாம போனவங்க சொத்துல நிலம் இருந்து மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிய தாண்டலைன்னா கோர்ட்டுக்குப் போக வேணாம், பெஜாபாட் தானாவோட இருக்கிற பூசாக்கா பிரிவுலயே பிரிச்சுக் கொடுப்பாங்க. 2024 ஜூலைக்கு முன்னாடி இந்த வரம்பு 20 லட்சமா இருந்துச்சு, அப்ப வரம்ப தாண்டுதுன்னு திருப்பி அனுப்புனவங்க இப்ப மறுபடி போகலாம். லோயர் கட்டாயம் இல்ல.

பங்கு எப்படின்னா, நம்மளுக்கு 1958 பகிர்வுச் சட்டம், பாட்டி இருந்தா அவங்களுக்கு ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைங்களுக்கு சமமா, மகன் மகள் வித்தியாசம் கிடையாது, கல்யாணம் கட்டிப் போன அத்தைங்களுக்கும் சித்தப்பாவுக்கு உள்ள அளவுதான். தாத்தாவுக்கு அப்புறம் உங்கப்பா போயிருந்தா அவர் பங்கு உங்க அம்மாவுக்கும் உங்களுக்கும் வரும், அப்பா போனப்ப பாட்டி உசுரோட இருந்திருந்தா அவங்களுக்கும் அதுல ஒரு பங்கு உண்டு, அப்பாவுக்கும் தனியா ஒரு மனு போட வேண்டி வரலாம். தாத்தா, அப்பா ரெண்டு பேரோட இறப்புப் பத்திரம், எல்லாரோட ஐசி, பிறப்புப் பத்திரம், கெரான் காப்பி எடுத்துக்கிட்டுப் போங்க. அத்தைங்கள விசாரணை அன்னைக்கு நேர்ல கூட்டிக்கிட்டுப் போகணும், வர முடியாதவங்க சம்மதப் போராங்க கையெழுத்து போட்டு அனுப்பலாம். அந்தக் கையெழுத்த வாங்குற வேலைய சித்தப்பாகிட்ட விடாம நீங்களே போயி வாங்குங்க.